வாழ்ந்து பார்க்க வருகிறவர்களுக்கு

செட்டிநாட்டில் இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் புதுச் சரக்கு பழைய வாழ்க்கை. பர்மாத் தேக்குத் தூண் போயாச்சு, பெல்ஜியம் கண்ணாடி போயாச்சு, கதவையும் நிலையையும் பெயர்த்து லாரியில் ஏத்தியாச்சு. மிச்சம் இருப்பது 'அந்தக் காலத்து வாழ்க்கை' மட்டும்தான். அதையும் விற்கிறார்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் கொத்தமங்கலத்திலும் பெரிய வீடுகள் சில ஓட்டல்களாகிவிட்டன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆட்கள் வந்து ரெண்டு ராத்திரி தங்குகிறார்கள். வாழை இலையில் சாப்பிடுகிறார்கள். மாட்டு வண்டியில் ஏறி ஊரைச் சுற்றுகிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதை வேடிக்கை பார்க்கிறார்கள். அம்மியில் பத்து நிமிசம் அரைத்துப் பார்க்கிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பித்தளைக் குடத்தை விலை பேசி வாங்கிக்கொண்டு, ஆகா, என்ன அருமையான வாழ்க்கை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார்கள்.

வரட்டும், சாப்பிடட்டும். வீடு இடிந்து விழுவதற்கு ஓட்டலாக நிற்பது மேல். நம் பெண்கள் சிலருக்கு அதில் சம்பளமும் கிடைக்கிறது. அதோடு எனக்குச் சண்டை கிடையாது. நான் கேட்பது வேறு. வெளியாள் ஒருவர் இந்த மண்ணின் பழைய வாழ்க்கையை 'வாழ்ந்து பார்க்க' வருகிறார் என்றால், அந்த வாழ்க்கையில் எந்த இடத்தில் அவரை உட்கார வைக்கிறீர்கள்? யாருடைய நாற்காலி அது?

பதில் எல்லோருக்கும் தெரியும். செட்டியார் நாற்காலி. காசு கொடுத்து வருகிற எவரையும் பண்ணையாள் இடத்தில் யாரும் உட்கார வைப்பதில்லை. காலை 7 மணிக்கு வயலில் இறங்கி சாயங்காலம் 6 மணிக்குக் கரையேறும் 'அனுபவம்' எந்த விலைப் பட்டியலிலும் இல்லை.

இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு இன்னொரு தெருவில். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. ஒரே வீட்டை ரெண்டு சனம் ரெண்டு வீடாகத்தான் அறிந்திருக்கிறது. எங்க அப்பத்தா அப்படியொரு வீட்டில் இருபது வருசம் சாணி அள்ளினது. வளவு எப்படி இருக்கும் அப்பத்தான்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "நா எங்கடா கண்டேன்? கொல்லக் கதவத் தாண்டி ஒரு எட்டு வச்சதில்ல. வாசப்படிக்கு வெளிய நின்னு கைய ஏந்துனா ஆச்சி உசரத்துலருந்து கஞ்சிய ஊத்துவாக. பாதி கையில, பாதி மண்ணுல" என்றது. செட்டிநாட்டுச் சமையலைப் பற்றி எத்தனையோ புத்தகம் வந்துவிட்டது. உசரத்திலிருந்து ஊற்றிய கஞ்சிக்கு மட்டும் செய்முறை எழுதுவார் இல்லை.

இந்தப் பழமை மோகம் ஓட்டல்காரர்களோடு நிற்கவில்லை என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளைகளிடமும் பரவியிருக்கிறது. ஐ.டி. வேலையை உதறிவிட்டு மண் வீடு கட்டுகிறேன் என்கிறவர், மிக்சியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிறவர், கிராமத்துக்குத் திரும்புவோம் என்று கூட்டத்தில் பேசுகிறவர். இவர்கள் வாயில் அடிக்கடி வருகிற பெயர் ஆமிஷ். "அமெரிக்காவிலேயே கரண்டு இல்லாம, காரு இல்லாம, குதிரை வண்டியில ஒரு சனம் சந்தோசமா இருக்கே தோழர், நம்மால முடியாதா? ஒரு மாசம் அப்படி இருந்து பாக்கலாமே?" என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடமே கேட்டார். நம் தெருப் பையன்தான். அவருக்குச் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஆமிஷ் யார்? 1693இல் சுவிட்சர்லாந்துப் பக்கம் யாக்கோப் அம்மான் என்கிற கிறித்தவ மூப்பர் பின்னால் பிரிந்து போன ஒரு சிறு கூட்டம். அரசாங்கத்திடமும் பெரிய சபைகளிடமும் அடிவாங்கிய மரபு அவர்களுடையது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைக்கு ஏறக்குறைய 4 லட்சம் பேர். வீட்டுக்குள் ஒரு ஜெர்மன் பேச்சு மொழி. ஊர் மின்கம்பியிலிருந்து கரண்டு எடுப்பதில்லை, சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை, நகை போடுவதில்லை, உடை எல்லோருக்கும் ஒரே மாதிரி, பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. இதற்கெல்லாம் எழுதாத ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'ஓர்ட்னுங்', அதாவது ஒழுங்கு. லாங்காஸ்டர் வட்டாரத்தில் அவர்களை வேடிக்கை பார்ப்பதே ஒரு பெரிய சுற்றுலாத் தொழில். அவர்களுக்குப் படம் எடுத்தால் பிடிக்காது, ஆனாலும் வருகிறவர்கள் கேமராவோடுதான் வருகிறார்கள். நம் ஊர்க் கதைதான்.

வெளியாள் ஒருவருக்கு அந்த வாழ்க்கை பிடிக்குமா? ஒரு வாரம் பிடிக்கும். விடியலில் பால் கறப்பதும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடுவதும் யாருக்குத்தான் பிடிக்காது, திரும்பிப் போக டிக்கெட் சட்டைப்பையில் இருந்தால். ஆனால் அவர் வாழ்ந்து பார்த்தது ஆமிஷ் வாழ்க்கையை அல்ல. அந்த வாழ்க்கையின் உயிரே டிக்கெட்டைக் கிழித்துப் போடுவதில் இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறப்பாலேயே அந்தச் சட்டம் முழுசாகக் கட்டுப்படாது. பதினாறு வயசுக்கு மேல் கொஞ்ச காலம் கயிற்றைத் தளர்த்தி விடுகிறார்கள். அதன் பிறகு, வளர்ந்த ஆளாக, தன் வாயால் சம்மதம் சொல்லித்தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். எடுத்தபின் மீறினால் ஒதுக்கி வைப்பார்கள், அது கொடுமையான ஒதுக்கல்தான், நான் மறுக்கவில்லை. எடுக்காமலே போய்விட்டவருக்குப் பொதுவாக அந்தத் தண்டனை இல்லை. வெளியாட்கள் சேரலாம். மொழி படித்து, கூடவே பல காலம் இருந்து, சபை ஒத்துக்கொண்டால் சேரலாம். அப்படிச் சேர்ந்து நிலைத்தவர்கள் மிகச் சிலர்.

இன்னொன்று. ஆமிஷ் விவசாயி தன் மாட்டுச் சாணியைத் தானே அள்ளுகிறான். தன் ஏரைத் தானே பிடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொட்டகை எரிந்துபோனால் ஊரே சேர்ந்து கட்டிக் கொடுக்கிறது. எளிய வாழ்க்கை என்று சொன்னால் அந்த எளிமையின் பாரம் சொன்னவன் தோளில்தான் இருக்கிறது. வேறொரு தெருவுக்குப் போய், நீ எளிமையாக இரு, நான் பார்த்து ரசிக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை.

நமக்கும் ஓர் 'ஓர்ட்னுங்' இருந்தது தோழர்களே. அது எழுதப்பட்டே இருக்கிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் என்றால் இந்தச் செட்டிநாடும் அதற்குள்தான். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளை வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மாரை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு கூடாது. மீறினவர்கள் குடிசையில் தீ வைத்தார்கள், குதிரை உடைத்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நெல்லுக் குதிரைத்தான் சொல்கிறேன். வருசம் முழுக்கக் குடிக்க வேண்டிய கஞ்சி அதில்தான் இருக்கும்.

அதுவும் போதவில்லை. 1931 ஜூனில் பதினொன்றாக ஆக்கினார்கள். இப்போது ஆதிதிராவிடரோடு தேவேந்திரகுல வேளாளரையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். பெண்கள் தண்ணீர் எடுக்க மண்பானைதான், செம்பு, பித்தளைக் குடம் ஆகாது. தலையில் பானைக்கு அடியில் வைக்கோல் பிரிமணைதான், துணிச் சும்மாடு ஆகாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது, மிராசுதார் மாடு மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது. வீட்டுக் கதவைப் பெயர்த்துப் பல்லக்காக்கி அதில் பொண்ணு மாப்பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். எந்தக் காரியத்துக்கும் வண்டி வாகனம் கூடாது.

இப்போது இந்தப் பட்டியலை ஆமிஷ் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகை இல்லை, அங்கேயும் இங்கேயும். உடைக்கு அளவு, அங்கேயும் இங்கேயும். படிப்புக்கு எல்லை, வண்டிக்குத் தடை. பத்தடி தள்ளி நின்று பார்க்கிற சுற்றுலாக்காரர் கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். சட்டையில்லாத ஒரு மனுசன், மண்பானை சுமக்கிற ஒரு பொம்பளை, செருப்பில்லாத கால், பின்னால் அந்தி வெயில். நல்ல படமாக வரும். அவன் ஏன் சட்டை போடவில்லை என்பது படத்தில் விழாது.

இந்தத் தடைகளைப் போட்டது செட்டியார்கள் இல்லையே என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். போட்டவர்களின் பேரப் பிள்ளைகள் மேல் பழி போடவும் நான் வரவில்லை. ஆனால் செட்டிநாட்டு மாளிகைகளில் எத்தனையோ எழுந்துகொண்டிருந்த வருசங்களும் அவைதான். அந்த வீட்டுக்காரர்கள் எதில் பழமையாக இருந்தார்கள் சொல்லுங்கள்? இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, பர்மாவிலிருந்து தேக்கு. வந்த பணமும் கடல் கடந்த வட்டிப் பணம். கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்கள் மூழ்க 1938இல் 25 சதவீதம் ஆனது. உலகத்தில் எது புதுசோ அது அந்த வீட்டுக்குள் வந்தது. அதே மாவட்டத்தில், அதே வருசங்களில், பித்தளைக் குடம் நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று விதி. புதுசு அவுகளுக்கு, பழசு நமக்கு. தொண்ணூறு வருசம் கழித்து வந்து, மொத்தத்தையும் சேர்த்து 'பாரம்பரிய வாழ்க்கை' என்று ஒரே பேர் வைத்தால் எப்படி? 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வணிகர்களின் ஊர்க் கூட்டம் என்று அங்கே பெயர். சேரி எந்த வணிகரின் ஊர்?

முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தப் பித்தளைக் குடத்தை வாங்கிக்கொண்டு போன அம்மாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவுக வீட்டில் அது பூச்செடி வைக்கும். எங்க தெருவில் ஒரு காலத்தில் அதற்காகக் குடிசை எரிந்திருக்கும்.

காந்தியை இங்கே இழுக்காமல் முடியாது. 1921 செப்டம்பரில், நம் பக்கத்து மதுரையில் வைத்துத்தான் அவர் முழு உடையைக் களைந்து அரைத்துணிக்கு மாறினார். உலகமே அதைத் தியாகம் என்றது. தியாகம்தான், அவரிடம் சட்டை இருந்தது. ஒன்பது வருசம் கழித்துப் பக்கத்து மாவட்டத்தில், நம் ஆட்கள் சட்டை போட்டதற்காக அடிபட்டார்கள். கழற்றிப் போட்டவர் மகாத்மா, மாட்டிக்கொண்டவன் திமிர் பிடித்தவன். ஆக, எளிமை என்பது எல்லோர் உடம்பிலும் ஒரே அர்த்தத்தில் உட்காருவதில்லை. அம்பேத்கர் ஏன் கோட்டுப் போட்டார் என்று இன்னமும் கேட்கிற அறிவாளிகள் இருக்கிறார்கள். இந்த எட்டு விதியையும் அவர்கள் படிக்கட்டும். கிராமத்தைப் பற்றி அவர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியதையும், எந்திரத்தை வெறுக்கிற காந்தியப் பொருளாதாரத்துக்கு எதிராக 1945இல் எழுதியதையும் நம் மாணவர்கள் திரும்பவும் எடுத்துப் படிக்க வேண்டும். எந்திரம் வந்தால்தான் உழைக்கிறவனுக்கு ஓய்வு, ஓய்வு இருந்தால்தான் அவன் மிருகம்போல் உழலாமல் மனுசனாக யோசிக்க முடியும் என்பது அவர் வாதம். குழாயில் தண்ணி வந்த அன்னைக்கு எங்க அம்மா தலையைத் தடவிப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. சும்மாடு வச்ச இடத்துல முடியில்லாம வழுக்கையா இருக்கும். மிக்சியைத் தூக்கி எறிந்த தோழர் தன் வீட்டில் இதுவரை அம்மியில் அரைத்தது யார் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எறிந்திருக்கலாம்.

படிப்பு விசயத்துக்கு வருவோம். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று ஆமிஷ் பெற்றோர் வழக்காடி, 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்துக்கும் யோடர் என்பவருக்கும் நடந்த வழக்கு. பெரும்பான்மை நீதிபதிகள் மத உரிமை என்றார்கள். டக்ளஸ் என்கிற நீதிபதி மட்டும் ஓர் இடத்தில் முரண்பட்டார். அப்பன் ஆத்தா சொல்வது இருக்கட்டும், அந்தப் பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று கேட்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. எனக்கு அந்த வழக்கில் பிடித்த ஒரே ஆள் அவர்தான். இங்கேயோ 1931இல் நம் பிள்ளையையும் கேட்கவில்லை, நம்மையும் கேட்கவில்லை. மாடு மேய்க்கச் சொன்னது மிராசுதார். இருபத்திரண்டு வருசம் கழித்து, 1953இல், ராஜாஜி அரசாங்கம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, மறு வருசம் காமராசர் வந்ததும் செத்தது. அந்தத் திட்டத்தையும் அன்று எளிமை, கைத்தொழில், உழைப்பின் மேன்மை என்கிற இனிப்பான வார்த்தைகளில் சுற்றித்தான் கொடுத்தார்கள். சட்டத்தின் கடுமை போனபிறகு அழகியல் வரும். உத்தரவாகச் சொல்ல முடியாததை ரசனையாகச் சொல்வார்கள்.

அதெல்லாம் பழங்கதை என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ரெண்டே செய்தி. இதே சிவகங்கை மாவட்டத்தில், கச்சநத்தத்தில், 2018 மே மாதம் ஒரு ராத்திரியில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் மானாமதுரைப் பக்கம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் வண்டி ஓட்டினதுக்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 1931 ஜூன் பட்டியலில் கடைசி விதி என்ன என்று மேலே போய்ப் பாருங்கள். வெளியூர்க்காரர் மாட்டு வண்டியில் போவது இந்த மாவட்டத்தில் பொழுதுபோக்கு. நம் பையன் மோட்டார் வண்டியில் போவது வழக்கு.

ஆகவே மாணவத் தோழருக்கு: ஒரு மாசம் கரண்டு இல்லாமல் இருந்து பார்க்க ஆசையென்றால் தாராளமாக இருங்கள், தப்பே இல்லை. சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதான். ஆனால் அதற்கு நம் அப்பத்தாக்கள் வாழ்ந்த வாழ்க்கையின் பேரை வைக்காதீர்கள். அவுக அதை வாழ்ந்து பார்க்கவில்லை, அதில் வைக்கப்பட்டார்கள். வெளியே வரும் கதவை நம் ஆட்கள் ஒவ்வொன்றாக உடைத்தார்கள்: சட்டை போட்டது ஒரு கதவு, பள்ளிக்கூடம் ஒரு கதவு, ரங்கூனுக்கும் கொழும்புக்கும் கப்பல் ஏறினது ஒரு கதவு, காரைக்குடியில் கல்லூரி வந்ததும் நம்மில் சிலர் அதில் நுழைந்தது ஒரு கதவு. அந்தக் கடைசிக் கதவு ஒரு செட்டியார், அழகப்பர், திறந்து வைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமக்குள்ளேயும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. ஒரு ஓட்டலிலிருந்து எங்கள் தெருப் பையன்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு முகப்பில் நின்று பறையடிக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். சட்டை வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டினால் போதும், 'அப்பத்தான் ஒரிஜினலா இருக்கும்' என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தெருவில் ரெண்டு கட்சியாகிவிட்டது. பறை நம் கலை, உலகம் பார்க்கட்டுமே என்கிறது ஒரு கட்சி. கூலி வருதுல்லண்ணே என்கிறான் ஒருத்தன், அதுவும் நியாயம், அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சாவுக்கு அடிச்சதை விட்டோம், இப்ப சாப்பாட்டுக்கு அடிக்கிறதா என்கிறது இன்னொரு கட்சி. தொண்ணூறுகளிலிருந்தே தலித் பண்பாடு பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம், பறையை இழிவின் அடையாளத்திலிருந்து பிடுங்கி எதிர்ப்பின் கருவியாக்கினோம் என்று மேடையில் சொல்லியிருக்கிறோம். கருவி அதுதான், நிற்கிற இடம் எது என்பதும் பார்க்கணும்.

போகாதே என்று அந்தப் பையன்களிடம் நான் சொல்லவில்லை. போனால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், காலில் செருப்போடு போங்கள், புல்லட் இருந்தால் புல்லட்டில் போங்கள், முகப்பு வழியாக நுழையுங்கள். கூலியை முதலிலேயே பேசுங்கள். அடித்து முடித்தபின் அந்த வளவில் வெள்ளைக்காரர் பக்கத்தில் உங்களுக்கும் இலை போட வேண்டும் என்று கேளுங்கள். ஓட்டல்காரர் என்ன பதில் சொன்னார் என்பதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடலாம்.